சிவப்புப் பொட்டு வைத்த போத்தல்

இயேசு மரி சூசை துணை

நோர்பரி, லண்டன்
14.10.1990

அன்பான பிலோமினம்மா,

இந்தக் கையெழுத்து யாருடையது என்று யோசிக்க வேண்டாம். என்னுடையதுதான். உம்முடைய புருஷன் சூசைதாசன் அறுபத்தாறு வயதில் தன் சொந்தக் கையால் எழுதுகிறேன். நான் சுகம். கொட்டாஞ்சேனையில் தங்கச்சி வீட்டில் நீரும் சுகமாக இருக்க அந்தோனியாரைக் கேட்டுக்கொள்கிறேன். முழங்கால் நோவு எப்படி?

ஐந்து வருடமாக உமக்கு வந்த கடிதங்கள் எல்லாம் கடை முதலாளி செல்வரத்தினம் தம்பியின் எழுத்து. நான் சொல்வேன், அவர் எழுதுவார். இன்னொரு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெண்சாதியோடு என்ன கதைக்க முடியும்? மழை பெய்கிறது, குளிர், சுகம். அதற்கு மேல் வாய் வராது. போன வருடம் அவருடைய மனைவி தவமலர், சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கும்போது, "மாமா, நீங்களும் வந்து இருங்கோவன், ஆர் உங்களை அடிக்கப்போகினம்" என்று கூப்பிட்டார். ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து படித்தேன். இந்தப் பக்கத்தை எழுத மூன்று நாள் எடுத்தது.

இனித் தனியாக உம்மிடம் ஒன்று சொல்லலாம். கோபப்படவேண்டாம். இந்தக் கடையில் நான் பெட்டி தூக்குகிறவன் மட்டுமல்ல. இது சாராயம், பியர், வைன் விற்கும் கடை. முதலாளியோ மச்சம், மது தொடாத மரக்கறிக்காரர். வைன் லிஸ்டை விம்பிள்டன் பிள்ளையாரின் காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் ஓடர் கொடுப்பார், ஆனால் ஒரு சொட்டும் வாயில் வைத்ததில்லை. ஒருநாள் ஒரு வியாபாரி சாம்பிள் கொண்டுவந்தபோது என்னைக் கூப்பிட்டார். "மாமா, நீங்கள் தவறணையிலை நிண்ட ஆள்தானே. இது எப்பிடி எண்டு சொல்லுங்கோ."

யாழ்ப்பாணத்தில் கள்ளுத் தவறணைக்குப் பானை வரும்போது தண்ணீர் கலந்ததா என்று நாக்கில் வைத்துச் சொன்னவன் நான். அதேபோல வைத்துப் பார்த்தேன். பிறகு சிவப்பு வாளிக்குள் துப்பினேன். "இது வெயில் காணாத சரக்கு. வேண்டாம்" என்றேன். அந்த வெள்ளைக்காரன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்று முதல் இந்தக் கடையின் நாக்கு நான்.

1978இல் அந்தோனியார் கோயிலில் உம்முடைய கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டும் என் தொண்டைக்குக் கீழே இறங்காது என்று செய்த சத்தியம் அப்படியே இருக்கிறது. நாக்கோடு சரி.

உம்முடைய
சூசைதாசன்

◆

கொட்டாஞ்சேனை
12.11.1990

என் அன்புள்ள அவருக்கு,

கடவுள் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் மழைக்கு முறைக்கிறது, வெயிலுக்குச் சிரிக்கிறது. உங்களுடைய இருமல் போய்விட்டதா?

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். நாற்பத்திரண்டு வருடத்துக்கு முந்தி எனக்குத் தாலி கட்டியவரிடமிருந்து வந்த முதல் கடிதம். தங்கச்சி கேட்டாள்: "அக்கா, ஏன் அழுறாய்?" "வெங்காயம்" என்றேன். கையில் வெங்காயம் இல்லை.

இனித் திட்டுகிறேன், கேளுங்கோ. தொண்டைக்கு மேலே, தொண்டைக்குக் கீழே என்று அந்தோனியாரிடமே சட்டம் கதைக்கிறீர்களோ? துப்புகிறேன் என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் கொஞ்சமும் விடாமல் துப்புங்கோ. துப்பிய பிறகு தண்ணீரால் கொப்பளியுங்கோ.

நீங்கள் சத்தியம் செய்யும்வரை இருபது வருடம் நான் "குடிகாரன்ரை பெண்சாதி" என்ற பெயரோடு சந்தைக்குப் போய் வந்தேன். அதை நீங்கள் மறந்திருக்கலாம். இங்கே கோயிலில் நம்முடைய ஊர் மெற்றில்டாவும் இருக்கிறாள். லண்டனில் என்ன வேலை என்று அவள் கேட்டபோது பலசரக்குக் கடை என்று சொல்லிவிட்டேன். அரிசி, பருப்பு, இடியப்ப மா. அப்படியே இருக்கட்டும்.

விசாவுக்கான தாள்களை வக்கீல் அனுப்பியது கிடைத்தது. விசாரணைக்கு அடுத்த வருடம்தான் கூப்பிடுவார்களாம்.

உங்கள் அன்புள்ள
பிலோமினா

◆

நோர்பரி
20.1.1991

அன்பான பிலோமினம்மா,

நான் சுகம், இருமல் போய்விட்டது, நீர் சுகமாயிரும். உம்முடைய திட்டை மூன்று தரம் வாசித்தேன். நானே வாசித்தேன்! சொந்தக் கண்ணால் வாசிக்கும்போது திட்டுக்கும் ஒரு ருசி இருக்கிறது. கொப்பளிக்கிறேன்.

உமக்கு ஒரு புதினமான செய்தி. பிரான்ஸில் போர்டோ என்று ஒரு பகுதி. உலகம் முழுக்கப் பெயர் போன வைன் அங்கேதான் வருகிறது. அந்த ஊர்களுக்கெல்லாம் எங்களுடைய அர்ச்சிஷ்டவர்களின், புனிதர்களின், பெயர்! அர்ச். ஜூலியன், அர்ச். எமிலியோன். எங்களுடைய அர்ச். முடியப்பருக்கும் ஒரு ஊர் இருக்கிறது. ஆனால் அர்ச்சிஷ்டவரின் பெயர் போத்தலில் இருந்தால் விலை கூட. அர்ச். எமிலியோனுக்குப் பக்கத்தில், சில மைல் தள்ளி, ஃப்ரொன்சாக் என்று ஒரு மேட்டு ஊர். பாவம், அதற்கு அர்ச்சிஷ்டவர் இல்லை. அதனால் பாதி விலை. நாக்கில் வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிக்க நானே யோசிக்கவேண்டியிருக்கிறது.

இன்னொரு விஷயம். 1987இல் அங்கே அறுவடை நேரத்தில் மழை. அந்த வருடத்துப் போத்தலை ஒருவரும் தொடுவதில்லை. ஆனால் கவனமான வீட்டுக்காரன் மழை வருடத்திலும் கவனமாகத்தான் செய்வான். கெட்டுப்போனதைக் கழித்து, குறைவாகச் செய்து, மலிவாக விற்பான். நான் அதைத் தேடிப் பிடிக்கிறேன். மூன்றரைப் பவுணுக்குள் நல்ல போர்டோ வேண்டுமென்றால் நோர்பரிக்கு வா என்று சனம் கதைக்கிறது.

நான் நல்லது என்று சொன்ன போத்தலின் கழுத்தில் தவமலர் தன்னுடைய ஒட்டுப் பொட்டு ஒன்றை ஒட்டிவிடுவார். சிவப்புப் பொட்டு. வெள்ளைக்காரச் சனம் வந்து, பெயர் கேட்பதில்லை, நெற்றியைத் தொட்டுக் காட்டுகிறது.

உமக்கென்று ஒரு போத்தல் எடுத்து வைத்திருக்கிறேன். ஃப்ரொன்சாக், 1986. இப்போது குடித்தால் வாழைக்காய்ப் பால்போல நாக்கை இழுத்துப் பிடிக்கும். பத்து வருடம் கிடக்கவேண்டும். 1996 டிசம்பரில் நத்தார்த் திருநாளுக்குத் திறப்போம். உமக்கு ஒரு கிளாஸ், எனக்கு ஒரு கிளாஸ். என் பங்கை நான் துப்புவேன். உம்முடைய பங்கை நீர் குடியும்.

விசாவுக்கு வேலைக் கடிதம் ஒன்று செல்வரத்தினம் தம்பி டைப் அடித்து வக்கீலிடம் கொடுத்துவிட்டார். அதில் என்னைப்பற்றி ஒரு சொல் இருக்கிறது. என்ன சொல் என்று சொல்லமாட்டேன். நீர் வந்து இறங்கியதும் என் வாயால் வாசித்துக் காட்டுவேன்.

உம்முடைய
சூசைதாசன்

◆

கொட்டாஞ்சேனை
8.6.1991

என் அன்புள்ள அவருக்கு,

நலமாயிருக்கிறேன், உங்கள் நலத்துக்குச் செபமாலை சொல்கிறேன்.

விசா கந்தோருக்குப் போய் வந்தேன். நீலச் சேலை உடுத்திக்கொண்டு போனேன். தடுப்புக்குப் பின்னால் ஒரு துரையும், பக்கத்தில் தமிழில் கேட்க ஒரு பெடியனும். பெடியனின் சேர்ட்டில் ஒரு பொத்தான் இல்லை. தைத்துவிடலாம்போல இருந்தது. என் முறைக்குப் பின்னால் வாங்கில் மெற்றில்டா இருந்தாள். அவளும் மகனிடம் போக மனுப் போட்டிருக்கிறாள். இடம் சின்னது. ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கும்.

கேள்விகள் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒரு இடத்தில் துரை பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எடுத்து எழுதினார்.

அந்த வேலைக் கடிதத்தில் இருக்கிற சொல் என்ன? வந்து இறங்கியபிறகுதான் சொல்லவேண்டுமென்று ஒரு சட்டமும் இல்லை. இப்பவே எழுதுங்கோ.

பிலோமினா

◆

நோர்பரி
15.9.1991

அன்பான பிலோமினம்மா,

நீர் சுகமா? ஜூலையிலும் எழுதினேன். பதில் இல்லை. தபால்காரன் வரும்போது நான் வாசலில் நிற்பதைப் பார்த்து, இப்போது அவனே தூரத்திலிருந்து தலையை ஆட்டிக் காட்டுகிறான்.

கடைக்கு மேலே உள்ள அறையை உமக்காக ஒழுங்குபடுத்திவிட்டேன். வேலை இருக்கும்வரை அறையும் என்னுடையதாம். தவமலர் திரைச்சீலை தைத்துத் தந்தார். ஜன்னலால் ரயில் தெரியும். அலுமாரிக்கு அடியில், வெளிச்சம் படாத இடத்தில், உம்முடைய போத்தல் படுத்திருக்கிறது. நிறுத்தி வைக்கக்கூடாது, படுக்கவேண்டும்.

இப்போது போத்தல் தட்டுகளுக்கு நானே தமிழில் மட்டை எழுதி வைக்கிறேன். "இது நல்லது. விலையும் நியாயம்." பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த ஒரு வெள்ளைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, கோயில் சுவரில் இருக்கவேண்டிய எழுத்து என்று முதலாளியிடம் சொன்னாராம். அன்று முழுக்க நான் கால் நிலத்தில் படாமல் திரிந்தேன்.

நீர் இரண்டாம் தரம் கேட்கமாட்டீர், எனக்குத்தான் பொறுக்கவில்லை. அந்தச் சொல்லைச் சொல்லிவிடுகிறேன். தம்பி என்னை "வைன் தெரிவாளர்" என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே, "இவர் சுவைத்துப் பார்த்துச் சொல்லாமல் என் கடையில் ஒரு போத்தலும் வாங்குவதில்லை" என்று. தவறணையில் பானை கழுவினவனைப் பார்த்தீரா!

பதில் போடும்.

சூசைதாசன்

◆

கொட்டாஞ்சேனை
12.1.1992

என் அன்புள்ள அவருக்கு,

உங்கள் சுகத்துக்கு எழுதுங்கோ.

விசா இல்லை என்று வந்துவிட்டது. வந்தது ஒக்டோபர் மாதம். நத்தார் முடியட்டும் என்று வைத்திருந்தேன். காரணம் இரண்டு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் இருக்கிறது. எனக்கு முழுவதும் விளங்கவில்லை. அதன் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். மெற்றில்டாவுக்குக் கிடைத்துவிட்டது. போகிறாள்.

திரைச்சீலை என்ன நிறம் என்று எழுதவில்லையே.

பிலோமினா

◆

நோர்பரி
1.3.1992

அன்பான பிலோமினம்மா,

நான் சுகம். திரைச்சீலை மஞ்சள், சின்னப் பூப் போட்டது. நீர் சாப்பிடாமல் கிடக்கவேண்டாம்.

நீர் அனுப்பிய தாளை விம்பிள்டனில் வக்கீல் ஆனந்தராஜா வாசித்துத் தமிழில் சொன்னார். எழுதியிருப்பது இதுதான். ஆறு வருடமாகப் பிரிந்திருக்கிறார்கள். பிள்ளை இல்லை. மனுசி தன் கணவன் பலசரக்குக் கடையில் வேலை என்கிறார், மதுவைத் தொடவே மாட்டார் என்கிறார். கணவனின் வேலையோ வைன் சுவைப்பது. கணவனின் தொழில்கூடத் தெரியாத இது நடப்பிலிருக்கும் கலியாணம் என்று நம்பமுடியாது.

வக்கீல் என்னைப் பார்த்து, "ஐயா, அம்மாவுக்கு உண்மையா உங்கட வேலை தெரியாதோ?" என்றார். நான் சிரித்தேன். அழவேண்டிய இடம் என்று தெரியும், ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் மெற்றில்டா இருக்க, ஒரு துரையின் முகத்துக்கு நேரே, "என்ரை மனுசன் தொடமாட்டார்" என்று நீர் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். நான் றோட்டில் விழுந்து கிடந்த காலத்தில் நீர் ஒருவரிடமும் சொல்லமுடியாத வசனம் அது. இப்போது நீலச் சேலையோடு நிமிர்ந்து நின்று சொன்னீர். பிழை என்னுடையது. அந்தச் சொல்லைப் பொத்திப் பொத்தி வைத்தேனே, அதை முந்தியே உமக்கு எழுதியிருந்தால் நீர் வேறு விதமாகச் சொல்லியிருப்பீர்.

அப்பீல் போட்டாயிற்று. கலியாணம் உண்மை என்று காட்டக் கடிதங்கள் வேண்டுமாம். தம்பி எழுதியவை செல்லாது, அவருடைய கையெழுத்து. என் கையெழுத்தில் உள்ளவை, உம்முடைய பதில்கள், இவை போதும், வெல்லலாம் என்கிறார். அவற்றை வாசித்தால் உமக்கு என் வேலை தெரியும் என்பதும் தெரிந்துவிடும். "ஏன் பொய் சொன்னா எண்டு கேப்பினம். கேக்கட்டும்" என்கிறார்.

உம்முடைய கடிதங்களை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். என்னுடையவற்றை அனுப்பும்.

சூசைதாசன்

◆

கொட்டாஞ்சேனை
20.4.1992

என் அன்புள்ள அவருக்கு,

நலம் விசாரித்து எழுதும் மனநிலை இல்லை. நலமாயிருங்கோ.

காரணம் விளங்கவில்லை என்று எழுதியது பொய். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. கொன்வென்டில் எட்டாம் வகுப்புப் படித்தவள் நான்.

நடந்தது இதுதான். பெடியன் கேட்டான்: "அம்மா, உங்கட கணவர் குடிப்பாரோ?" அந்தக் கேள்வி தாளில் இருந்ததா, அவர்கள் சும்மா கேட்டார்களா, தெரியாது. பின்னால் மெற்றில்டா செபமாலை மணி உருட்டுவதை நிறுத்தினாள். அவளுடைய தாய்தான் சந்தையில் எனக்கு அந்தப் பெயரை வைத்தவள். என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறகு என்ன கடை என்றார்கள். சொன்னதை மாற்ற முடியுமா?

கடிதங்களைக் கொடுக்கவேண்டாம். என்னுடையதையும் கொடுக்கவேண்டாம், உங்களுடையதையும் நான் அனுப்பமாட்டேன். ஒரு கோர்ட்டில் நாலு பேர் இருந்து, இந்தப் பொம்பிளை பொய்காரி என்று வாசிப்பார்கள். ஒரு பெயரைச் சுமந்து முடித்தேன். இன்னொன்று சுமக்க ஏலாது. வேறு வழியில் வெல்லப் பாருங்கோ. என் மேல் ஆணை.

பிலோமினா

◆

கொட்டாஞ்சேனை
30.1.1993

என் அன்புள்ள அவருக்கு,

சுகமா? நான் எழும்பி நடக்கிறேன், அது போதும்.

வழக்கு பெப்ரவரி ஒன்பதாம் திகதி என்று எழுதியிருந்தீர்கள். இன்னும் பத்து நாள். இது ஒரு கிழமையில் கிடைத்துவிடும். போனில் சொல்லு என்று தங்கச்சி சொன்னாள். ரெலிபோன் கடையில் நாலு பேர் நிற்க இதை எப்படிக் கத்திச் சொல்வது?

ஒன்பது மாதமாக உங்கள் கடிதங்களில் வைனைக் காணவில்லை. அர்ச். எமிலியோன் எங்கே போனார்? பொட்டு ஒட்டுகிறீர்களா, ஒன்றும் இல்லை. மழை பெய்கிறது, குளிர், சுகம். செல்வரத்தினம் தம்பி எழுதின காலம்போல எழுதுகிறீர்கள். எனக்கு விளங்குகிறது. இனி எழுதும் கடிதத்தாலும் எனக்குப் பழி வந்துவிடக்கூடாது என்று பார்க்கிறீர்கள்.

வேண்டாம். கடிதங்களைக் கொடுங்கோ. உங்களுடையவற்றை நேற்று வக்கீலின் விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். என்னுடையவற்றை நீங்கள் கொடுங்கோ. பொய்காரி என்று வாசிக்கட்டும். மஞ்சள் திரைச்சீலை போட்ட அறையில் பொய்காரியாக இருந்துவிட்டுப் போகிறேன்.

ஆணையை எடுத்துவிட்டேன்.

உங்கள்
பிலோமினா

◆

நோர்பரி
9.2.1993

அன்பான பிலோமினம்மா,

நான் சுகம். நீர் ஒரு மாதமாக எழுதவில்லை, அதனால் ஏப்ரலில் நீர் இட்ட ஆணையையே பிடித்துக்கொண்டு போனேன்.

கோர்ட் என்று பயந்தேன், பார்த்தால் பள்ளிக்கூட அறைபோல. தம்பி கடையைப் பூட்டிவிட்டுக் கூட வந்தார். காலையில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, "மாமா, உங்கட அந்தோனியாருக்கும் சேர்த்துத்தான் உடைச்சனான்" என்றார். உம்முடைய கடிதங்கள் என் கோட்டின் உள் பையில் இருந்தன. கொடுக்க அல்ல. துணைக்கு.

வேதப்புத்தகத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். எதிர்ப்பக்கத்து ஆள் கேட்டான், மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "உங்கள் வேலை வைன் சுவைப்பது என்று உங்கள் மனைவிக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

"ஏன் சொல்லவில்லை?"

"வெக்கம். குடிக்கமாட்டன் எண்டு அவவுக்குச் சத்தியம் பண்ணினனான்."

"எத்தனை வருடமாகச் சொல்லவில்லை?"

"ஏழு."

"கடிதம் எழுதுவதில்லையா?"

பிலோமினம்மா, அந்த இடத்தில்தான் கோட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். மூச்சு விட்டால் உள் பையில் தாள் சரசரத்தது. எல்லோருக்கும் கேட்கும்போல இருந்தது. "நான் படிக்காதவன்" என்றேன். "எழுதத் தெரியாது."

வக்கீல் தலை குனிந்துகொண்டார். ஆனால் பாரும், ஒருவரும் உம்மைப் பொய்காரி என்று சொல்லவில்லை. அந்த நடுவர் எழுதும்போது, மனைவி தனக்குத் தெரிந்ததை உண்மையாகவே சொன்னார் என்று வாய்விட்டுச் சொன்னார். மொழிபெயர்ப்பாளரை இரண்டாம் தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். காதுக்கு அவ்வளவு நன்றாக இருந்தது.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு வைன் வரத் தொடங்கும்போது எல்லாம் தண்ணியாக இருக்குமாம். அங்கே விடாத மழை. நாக்கைத் தயாராக வைத்திருக்கிறேன். இனி வைன் பற்றி எழுதலாம் அல்லவா?

சூசைதாசன்

12.2.1993
இதைத் தபாலில் போட மூன்று நாள் பிந்தியது நல்லதாய்ப் போயிற்று. உம்முடைய ஜனவரிக் கடிதம் இன்று காலை வந்தது. என்னுடையவை போன திங்கள், வழக்குக்கு முதல் நாளே, வக்கீலுக்கு வந்தனவாம். நீர் மனம் மாறிக் கொடுக்கச் சொல்லி அனுப்பினீர் என்று அவர் அறியவில்லை. நான்தான் கொடுக்காதே என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தேனே. கட்டை அவிழ்க்காமல் மேசையில் வைத்திருந்தார். இன்று போய்க் கேட்டேன். "இனிக் குடுத்தால், ஐயா, சத்தியம் பண்ணிப் பொய் சொன்னது நீங்கள்" என்றார். கட்டை என்னிடம் தந்தார். வைத்திருக்கிறேன்.

◆

கொட்டாஞ்சேனை
4.7.1993

என் அன்புள்ள அவருக்கு,

நான் இருக்கிறேன். நீங்கள் இருமுகிறீர்கள் என்று எழுதாமலே தெரிகிறது, எழுத்து சாய்கிறது. மருந்து எடுங்கோ.

தோற்றுவிட்டது என்று நீங்கள் எழுதிய நாலு வரி வந்தது. நாற்பத்தைந்து வருடத்துக்கு முந்தித் தாலி கட்டிய பெண்சாதியிடம் தன் தொழிலைச் சொல்லாதவர், ஒரு கடிதம்கூட எழுதாதவர் என்று உங்களைப்பற்றி எழுதியிருக்கிறார்கள். அந்தத் தாளை இங்கே அனுப்பவேண்டாம். எனக்கு வந்த கடிதங்கள் ஒரு சூட்கேஸ் அளவு இருந்தன.

இனி மனுப் போடுவதென்றால் இன்னும் மூன்று நாலு வருடமாம். அதற்கும் இதே தாளைத்தான் முதலில் பார்ப்பார்களாம். நான் போடப்போவதில்லை. முழங்கால் இனிப் படி ஏறாது. கடைக்கு மேலே உள்ள அறைக்குப் படி இருக்குமே.

எனக்குப் பெரிய மனவருத்தம் ஒன்றும் இல்லை என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். பொய் சொல்லிப் பழகிவிட்டேன், இந்த முறை வரவில்லை.

ஒரு காரியம் செய்யுங்கோ. அந்தப் போத்தலை இனி வைத்திருக்கவேண்டாம். யாருக்காகப் படுத்திருக்கிறது? எங்கள் கலியாண நாள் வருகிறது. திறவுங்கோ. எனக்கு ஒரு கிளாஸ், உங்களுக்கு ஒரு கிளாஸ் என்று நீங்கள்தானே எழுதினீர்கள். என்ன ருசி என்று எனக்கு எழுதுங்கோ. உங்களுடைய எழுத்தில்.

உங்கள்
பிலோமினா

◆

நோர்பரி
29.8.1993

அன்பான பிலோமினம்மா,

நான் சுகம். மருந்து எடுக்கிறேன். நீர் முழங்காலுக்கு எண்ணெய் பூசும்.

முந்தநாள் எங்கள் கலியாண நாள். காலைப் பூசை கண்டேன். பாவசங்கீர்த்தனத்தில் கோர்ட்டில் சொன்ன பொய்யைச் சொன்னேன். வருத்தப்படுகிறீரா என்று சாமியார் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். போய் யோசித்துவிட்டு வாரும் என்று அனுப்பிவிட்டார்.

மத்தியானம் போத்தலை எடுத்தேன். கழுத்தில் சிவப்புப் பொட்டு அப்படியே இருந்தது. அதை உரித்து, இந்தத் தாளின் மூலையில் ஒட்டியிருக்கிறேன், பாரும். மெதுவாகத் திறந்தேன். தக்கை நுனியில்தான் நனைந்திருந்தது, நல்ல தக்கை. சமையலறைக் கிளாஸ் இரண்டில் வார்த்தேன். ஒன்றை உம்முடைய பக்கத்தில், மஞ்சள் திரைச்சீலைக்கு முன்னால் வைத்தேன். ரயில் போனபோது இரண்டும் சேர்ந்து ஆடின.

ருசி எழுதச் சொன்னீர். 1996க்கு மூன்று வருடம் முந்தியே திறந்துவிட்டோம். இன்னும் இறுக்கம் விடவில்லை. முதலில் ஒன்றும் சொல்லாது. கை கூப்பிக் கும்பிட வந்த புது மருமகளைப்போல நிற்கும். கொஞ்சம் பொறுத்தால் முற்றாத நாவற்பழம், பிறகு மழைக்கு முந்தின மண், பிறகு பென்சில் சீவின மணம். கடைசியில் ஒரு கசப்பு. அது கெட்ட கசப்பு அல்ல. வைத்திருந்தால் இனித்திருக்கும் கசப்பு. நல்ல போத்தல், பிலோமினம்மா. மூன்றேமுக்கால் பவுணுக்கு இதைவிட நல்லது ஒருவருக்கும் கிடையாது. அர்ச்சிஷ்டவர் இல்லாத ஊரில் இப்படி ஒரு சாமான்.

1978இல் செய்த சத்தியம் எனக்குத்தான், உமக்கு அல்ல. அதை நன்றாக யோசித்துப் பார்த்தேன்.

என் கிளாஸை முழுவதும் நாக்கில் வைத்து, ஒரு சொட்டும் விடாமல் சிவப்பு வாளிக்குள் துப்பினேன். தண்ணீரால் கொப்பளித்தேன்.

பிறகு உம்முடைய கிளாஸை எடுத்தேன். அதைத் துப்பவில்லை.

உம்முடைய
சூசைதாசன்